பூட்டிக் கிடக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

கேள்வி இதுதான். கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீடு, வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் இருக்கும், பொங்கலுக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணம் காட்சிக்கும் குடும்பம் கூடும், மற்ற நாளில் ஒருவர் வந்து பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவார். 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி இரண்டு, நேர்த் தகடு குழாய் வடிவில் இருக்கும் ஈய-அமில வகை. ஊரை விட்டுக் கிளம்பும்போது பத்திரமாக மெயினை அணைத்துவிட்டுத்தான் போகிறார்கள். முதல் ஜோடி இரண்டு வருடத்தில் போனது, இரண்டாவது ஜோடியும் இப்போது பத்து நிமிடம் தாங்கவில்லை. ஆர்ஓ தண்ணீர் ஊற்றியது தப்பா, கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டாரா, பேசாமல் லித்தியம் பேட்டரிக்கு மாறிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

மெயினை அணைத்துவிட்டுப் போவதுதான் முதல் காரணமாக இருக்கும். தண்ணீரும் ஒரு கை கொடுத்திருக்கலாம். கடைக்காரர் மேல் பழி போட இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

நடப்பது என்னவென்றால், மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். வீட்டில் ஒரு விளக்கு கூட எரியாவிட்டாலும், 230 வோல்ட்டை உருவாக்கி வைத்துக்கொண்டு சும்மா நிற்பதற்கே அது 20 வாட், 25 வாட் தின்னும். 24 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1 ஆம்பியர். ஒரு நாளுக்கு 24 ஏஹெச். 150 ஏஹெச் பேட்டரி ஒரு வாரத்தில் காலி. நீங்கள் சென்னை போய்ச் சேர்ந்து துணி துவைத்துக் காயப்போட்டு அடுத்த ஞாயிறு வருவதற்குள் அது முடிந்திருக்கும். ஒவ்வொரு பேட்டரியும் 10.5 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், ஆனால் அதற்கப்புறம் நீங்கள் அடுத்து வரும் வரை, நான்கு மாதமோ ஆறு மாதமோ, பேட்டரி காலியாகவே கிடக்கும். ஈய-அமில பேட்டரிக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

உள்ளே இரண்டு வகைத் தகடு இருக்கிறது, ஒன்று ஈயம், இன்னொன்று ஈய ஆக்சைடு, நடுவில் கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகட்டின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் அந்தச் சல்பேட் கரைந்து பழைய நிலைக்கு வரும். உடனே ஏற்றினால். புதிதாகப் படிந்த சல்பேட் பொடியாக இருக்கும், வாரக்கணக்கில் விட்டால் பாகைக் கிளறாமல் விட்டு வைத்தால் கற்கண்டு கட்டுவது மாதிரி பெரிய படிகமாக இறுகிவிடும், அதற்கப்புறம் என்ன சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது. அந்த அளவுக்குத் தகடு செத்ததுதான். வெளியே பார்த்தால் இன்வெர்ட்டரில் சீக்கிரமே ஃபுல் என்று காட்டும், ஏனென்றால் ஏறுவதற்கு இடமே இல்லை, கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் கத்த ஆரம்பிக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்.

2012-ல் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, நிறைய வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் பேட்டரி உழைத்து உழைத்துப் போனது. சார்ஜ் ஏறி முடிவதற்குள் அடுத்த கட். இப்போது நிலைமை தலைகீழ். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை வரை எடுப்பார்கள், நடுவில் இடி மின்னலுக்குக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஆனால் பராமரிப்பு என்று ஊரில் சொல்லப்படுவதெல்லாம் இன்னும் அந்தப் பன்னிரண்டாம் வருடத்துப் பாடம். இன்று நம் பக்கத்தில் பேட்டரி போவது வேலை செய்யாமல் நிற்பதாலும், வெயிலாலும், தண்ணீர் வற்றுவதாலும்தான். பூட்டிய வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்து வரும்.

சரி, பூட்டும்போது என்ன செய்ய வேண்டும்? இரண்டு வழி இருக்கிறது. எது உங்களுக்குச் சரி என்பது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.

ஒன்று, இன்வெர்ட்டருக்கு மட்டும் மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக இறங்கும் சுவிட்ச்) போட்டு, மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு அதை மட்டும் ஆனில் விட்டுவிடுவது. இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் வெளிச்சுற்றை இறக்கிவிடுங்கள், முன்பக்க சுவிட்சையும் ஆஃப் பண்ணிவிடுங்கள். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் அந்த சுவிட்ச் பேக்கப்பை மட்டும்தான் நிறுத்தும், இபி கரண்ட் இருக்கும்வரை சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். உங்களுடையதில் அப்படியா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்கும், சல்பேட் பயம் இல்லை. ஆனால் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றும், அதனால் மாதம் ஒரு முறை யாராவது மூடியைப் பார்க்கவே வேண்டும். இன்னொன்று, மழைக்காலத்தில் இடி இடித்து ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒரு தடவை ட்ரிப் ஆகிவிட்டால் பூட்டிய வீட்டில் அது யாருக்கும் தெரியாது, முன்பக்க சுவிட்ச் ஆனில் கிடந்தால் பழைய கதைதான். விளக்கேற்ற வருகிறவரிடம் இன்வெர்ட்டரில் மெயின்ஸ் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு வேறு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, கிளம்புவதற்கு முதல் நாள் முழுக்க சார்ஜ் ஏற்றி, தண்ணீர் மட்டம் பார்த்து, இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிவிடுவது. ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் எடுக்க வேண்டாம் என்றால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு டிசி ஐசொலேட்டர், அதாவது பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச், போடச் சொல்லுங்கள், டிசிக்கு என்றே உள்ளதாக இருக்க வேண்டும், வீட்டு ஏசி எம்சிபியை அங்கே மாட்டக் கூடாது. இப்படிக் கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சாதாரண வெப்பத்தில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம், சூடு 10 டிகிரி கூடினால் இதுவும் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் முடிந்தால் மாதம் ஒரு முறை, ஒரு முழு நாள் இணைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

மரச்சட்டத்தின் மேல் வயர் ஓட்டிய பழைய மரப்பட்டி வயரிங் இன்னும் இருக்கிற வீடு என்றால் நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஆளில்லாத வீட்டில், எழுபது எண்பது வருடத்து வயரிங்கில், மாதக்கணக்கில் மின்சாரத்தை விட்டு வைப்பதற்கு எனக்கு மனசு வராது. தேக்கு உத்தரமும் தேக்குக் கதவுமாக இருக்கிற வீட்டில் பேட்டரி போனால் காசோடு போகும், தீப்பிடித்தால் வீடே போகும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். குடிக்க நல்லது, பேட்டரிக்கு நல்லதில்லை, அதில் உப்பு குறைந்திருக்கும், இல்லாமல் போகாது. பேட்டரியில் ஊற்றுகிற தண்ணீர் மட்டும் ஆவியாகவும் வாயுவாகவும் வெளியே போகும், அதிலிருந்த குளோரைடும் இரும்பும் உள்ளேயே தங்கிக்கொண்டே போகும். இரண்டு வருடம் ஊற்றினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து பெரிய அளவாகிவிடும். குளோரைடு நேர்த் தகட்டை அரிக்கும், இரும்பு உள்ளுக்குள்ளேயே சார்ஜைத் தின்னும், தாமிரம் போய்ச் சேர்ந்தால் எதிர்த் தகட்டில் ஒட்டிக்கொண்டு வீணாக வாயு கிளப்பும். அதனாலேயே ஏசியில் சொட்டுகிற தண்ணீரும் கூடாது. அது தாமிரக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் கழுவிக்கொண்டுதான் வருகிறது, தூசியும் உண்டு.

மழைத் தண்ணீர் பற்றி நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். முற்றத்தில் விழுவதை அண்டாவில் பிடித்து வருடம் பூராவும் குடித்த பரம்பரை, மழைத் தண்ணீரைவிடச் சுத்தம் எது என்று. குடிக்கச் சரி. பேட்டரிக்கு, அந்தத் தண்ணீர் ஓட்டு மண்ணையும் புறா எச்சத்தையும் தாழ்வாரத் தகரத்தையும் தொட்டுக்கொண்டு வருகிறது, அப்புறம் பித்தளை அண்டாவிலோ செப்புத் தவலையிலோ கிடக்கிறது. வேண்டாம். பேட்டரிக் கடையில் கேனில் விற்கிற டிஸ்டில்ட் வாட்டர் பெரிய விலையில்லை, அதை வாங்கி பிளாஸ்டிக் கேனிலேயே வையுங்கள், பிளாஸ்டிக் புனலில் ஊற்றுங்கள். நம் வீடுகளில் கை நீட்டினால் பித்தளையும் எவர்சில்வரும்தான் வரும், அதில் ஊற்றி வைத்தால் அது டிஸ்டில்ட் வாட்டர் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேட்டரிக்கு அடிப்படையான மின்வேதியியலுக்கு நாட்டின் தேசிய ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது சிக்ரி, 1948-ல் நேரு அடிக்கல் வைத்தார், 1953-ல் திறந்தார்கள். அதன் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித் தினமும் போய் வருகிற நாமே பேட்டரியில் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஊற்றும் முறையும் முக்கியம். சார்ஜ் முழுதாக ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும், ஏறும்போது அமிலத்தின் மட்டம் கொஞ்சம் உயரும், முன்பே முட்ட ஊற்றினால் வழியும். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் தகடு மூடும் வரை கொஞ்சம் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட்டு, அப்புறம் மீதியை நிரப்புங்கள். மிதவைக் குச்சியில் பச்சைக் குறி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். ஆசிட் ஒருபோதும் ஊற்றாதீர்கள். வற்றியது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. ‘ஆசிட் டாப்-அப் பண்ணினா பிக்கப் ஏறும்’ என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஏறுகிற மாதிரி இருக்கும், தகடு சீக்கிரம் அரித்துப்போகும். செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற பொடி, திரவம் என்று விற்பதும் இதே வகைதான், கற்கண்டாக இறுகியதை அது முழுக்கக் கரைத்துவிடாது.

அடுத்தது சூடு. ஈய-அமில பேட்டரிக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு, தொடர்ந்து இருக்கும் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். சித்திரை வைகாசியில் நம் பக்கம் வெளியே 38, 39 டிகிரி சாதாரணம். பின்கட்டில் தகரக் கொட்டகையில் வைத்தால் உள்ளே இன்னும் கூடும். ஆனால் நம் பழைய வீடு பேட்டரிக்குக் கிடைத்த வரம் என்றுதான் சொல்ல வேண்டும், தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, முற்றத்திலிருந்து காற்று. இரண்டாங்கட்டில், வெயில் நேராக விழாத நடைவழியில் வைத்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் நிறைய வீடுகளில் பார்த்தால் அழகு கெடக் கூடாது என்று முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள். அது ஜன்னல் இல்லாத அறை. சார்ஜ் நிறைந்த பிறகு தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது, காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், அது இலேசானது, மேலே போய்த் தங்கும். வீட்டு அளவு பேட்டரியில் காற்றோட்டம் இருந்தால் இது பயப்பட வேண்டிய விஷயமே இல்லை. அடைத்த அறையும் பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கும் சேர்ந்தால் பயப்பட வேண்டும்.

வெயில் பற்றி இன்னொன்று. நிறைந்த பேட்டரியை அப்படியே தாங்கிப் பிடிக்கும் மின்னழுத்தம், ஃப்ளோட் என்பார்கள், ஒரு 12 வோல்ட் பேட்டரிக்கு 13.5-லிருந்து 13.8 வரை இருக்கும். வெப்பம் ஏற ஏற இதைக் குறைக்க வேண்டும், டிகிரிக்கு 18 முதல் 30 மில்லிவோல்ட் வரை. 27 டிகிரிக்குச் சரியாக இருந்த அளவு 40 டிகிரியில் ஏறத்தாழ கால் வோல்ட்டோ அதற்கு மேலோ அதிகம் என்று அர்த்தம், அந்த அதிகம் அத்தனையும் தண்ணீரைக் கொதிக்கவிடுகிற வேலைதான். வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் கிடையாது. அதனால்தான் கோடையில் தண்ணீர் மளமளவென்று வற்றுகிறது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சின்ன சுவிட்ச் இருக்கும், டியூபுலர் பேட்டரிக்கு டியூபுலரில் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிய பையன் அதைத் தொடாமலே போயிருப்பதும் உண்டு. சார்ஜ் ஏறும் ஆம்பியரும் ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் போதும், 150-க்கு 15.

அதே இடத்தில் யுபிஎஸ், நார்மல் என்று இன்னொரு தேர்வு இருக்கும். யுபிஎஸ் நிலையில் இபி வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். சாயந்திரம் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தினமும் தேய்ந்துகொண்டிருக்கும், உங்களுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் ஓடாத வீட்டுக்கு நார்மலே போதும்.

இப்போது பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி. வோல்ட் பார்க்க ஒரு மல்டிமீட்டரும், அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியைப் பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டரும் போதும், இரண்டும் மலிவு. முழு சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, நான்கைந்து மணி நேரம் சும்மா விட்டு அளவுங்கள். சார்ஜ் ஏறும்போதே அளந்து 13.7 இருக்கிறது, பேட்டரி பிரமாதம் என்று சொல்வதில் பொருளில்லை, நீங்கள் அளந்தது சார்ஜரை. இணையத்தில் சுற்றுகிற அட்டவணையில் நிறைந்த பேட்டரி 12.7 என்று போட்டிருக்கும், அது கார் பேட்டரிக்கு. நம் ஊர் இன்வெர்ட்டர் டியூபுலரில் அமிலம் கொஞ்சம் நீர்த்ததாகத்தான் வரும், நிறைந்தபோது கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.240 பக்கம். கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட் வந்துவிடும், 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்கு 12.5. ஆகவே 12.5 பார்த்துக் கலங்க வேண்டாம், அது நிறைவுதான். 12.1 என்றால் ஏறத்தாழ பாதி. 11.8-க்குக் கீழே காலி.

வோல்ட்டைவிட ஹைட்ரோமீட்டர்தான் உண்மை பேசும், ஏனென்றால் அது செல் செல்லாகச் சொல்லும். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு செல். எல்லாம் 1.230, 1.240 என்று ஒட்டி நின்றால் நல்ல பேட்டரி. எல்லாமே சேர்ந்து 1.180-ல் நின்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை அல்லது சல்பேட் இறுகியிருக்கிறது, ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து ஏற்றிப் பார்க்கலாம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் இறங்கி நின்றால் அந்த செல்லில் கோளாறு. அந்த ஒரு செல் மொத்த வரிசையையும் கீழே இழுக்கும், ஏனென்றால் எல்லாம் தொடராக இணைந்திருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஒரு செல் மட்டும் கொதித்துச் சூடானாலும், உறிஞ்சிய அமிலம் பழுப்பாக வந்தாலும், தகடு உதிர்கிறது என்று அர்த்தம். அழுகின முட்டை வாடை வந்தால் யோசிக்காமல் சார்ஜை நிறுத்துங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், அப்புறம் ஆளைக் கூப்பிடலாம்.

இரண்டில் ஒன்று மட்டும் போய்விட்டால் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிச் சேர்க்கலாமா என்பார்கள். முதல் சில மாதத்துக்குள் என்றால் சரி. இரண்டு மூன்று வருடம் ஓடிய பழசோடு புதுசைத் தொடராக மாட்டினால் பழசு முன்னாடியே நிறைந்து கொதிக்கும், புதுசு குறையாகவே நிற்கும், கடைசியில் இரண்டும் போகும். நல்லதாக இருக்கிற பழசை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு ஜோடியாக வாங்குவதுதான் கணக்கு.

எப்போதும் நிறைந்தே நிற்கிற பேட்டரியிலும் ஒரு சிக்கல். அமிலத்தில் கனமானது அடியில் தங்கிவிடும், மேலே நீர்த்திருக்கும், தகட்டின் அடிப்பக்கம் சீக்கிரம் கெடும். அவ்வப்போது கொஞ்சம் இறக்கி மறுபடி முழு வேகத்தில் ஏற்றினால், கடைசியில் கிளம்பும் குமிழிகள் அதைக் கலக்கிவிடும். ஆள் இருக்கிற வீட்டுக்கு இபிக்காரர்கள் மாதம் ஒரு நாள் இதைச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். பூட்டிய வீட்டில் நீங்கள் வரும்போது மெயினை இறக்கி நாலு ஃபேன், நாலு லைட்டை இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும். முழுக்கக் காலியாக்க வேண்டும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அது பழைய செல்போன் பேட்டரிக் கதை.

விசேஷ நாள் வேறு கணக்கு. கல்யாண வீட்டில் கட் வந்தால் எல்லா ஃபேனும் இன்வெர்ட்டர் தலையில் விழும். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட், பத்து ஃபேன் 750, விளக்கெல்லாம் சேர்ந்து 1000 வாட், இன்வெர்ட்டரில் வீணாவதையும் கூட்டினால் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் போகும். 150-ஐ 50-ஆல் வகுத்து மூன்று மணி நேரம் என்று நினைப்போம், வராது. 150 ஏஹெச் என்பது இருபது மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் எடுத்தால் கிடைக்கிற அளவு, வேகமாக எடுத்தால் கொள்ளளவே சுருங்கும். இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது, அதற்குள் பேட்டரி அடிவரை போயிருக்கும். அன்றைக்கு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். மற்றபடி, 28 முதல் 35 வாட் மட்டும் எடுக்கும் பிஎல்டிசி ஃபேனாக மெல்ல மெல்ல மாற்றினால், இன்னொரு ஜோடி பேட்டரி வாங்கியதற்குச் சமம்.

சுத்தம் செய்யும்போது மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும், ஸ்பேனரோ நகையோ இரண்டு முனைக்கும் குறுக்கே பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். முதலில் மைனஸ் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மைனஸ். முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்துத் தேய்த்தால் போய்விடும், சோடா தண்ணீர் ஒரு சொட்டு கூட மூடிக்குள் போகக் கூடாது. காய்ந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கண்ணில் ஆசிட் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு.

தரையில் வைத்தால் பேட்டரி இறங்கும் என்பது இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் நீங்கள் டிராலியும் அதன் கீழ் ஒரு பிளாஸ்டிக் தட்டும் வைத்தே ஆக வேண்டும், காரணம் வேறு. ஆத்தங்குடிக் கல் சிமெண்ட்டில் செய்தது, ஆசிட் சொட்டினால் அந்த நிறம் போனது போனதுதான், பாலிஷ் போட்டாலும் வராது. சுண்ணாம்புச் சுவரும் அப்படியே. சிந்திவிட்டால் உடனே ஆப்பச்சோடாவைத் தூவி, நுரைப்பது நின்றதும் கழுவுங்கள்.

லித்தியம் பற்றிக் கேட்டீர்கள். பூட்டிய வீட்டுக்கு அது பொருத்தம்தான், நான் மறுக்கவில்லை. தண்ணீர் வேண்டாம், வாயு இல்லை, பாதி சார்ஜில் கிடந்தாலும் சல்பேட் என்ற பேச்சே கிடையாது, சொல்லப்போனால் மாதக்கணக்கில் விட்டுப் போவதற்குப் பாதி சார்ஜ்தான் அதற்கு நல்லது. உங்கள் 3600 வாட்-ஹவர் டியூபுலரில் ஆயுளைக் கெடுக்காமல் பாதி, அதாவது 1800 எடுக்கலாம், 25.6 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 2560 இருக்கும், 2000-க்கு மேல் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கென்று அமைப்பு இருக்க வேண்டும், டியூபுலர் அமைப்பில் இருக்கும் அதிக வோல்டேஜில் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) இணைப்பைத் துண்டித்துக்கொண்டே இருக்கும். சூடும் இதற்கு ஆகாது, தகரக் கொட்டகை இதற்கும் கூடாது. முக்கியமாக, மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை ஆனில் விட்டுப் போனால் இதுவும் காலியாகும், காலியாகி மாதக்கணக்கில் கிடந்தால் பிஎம்எஸ் தூங்கிப்போய், சார்ஜர் வைத்தால்கூட எழாத நிலைக்குப் போகலாம். பழக்கத்தை மாற்றாமல் லித்தியம் வாங்கினால் இன்னும் விலை கூடிய பேட்டரி போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆத்தாவும் அப்பச்சியும் வருடம் முழுக்க ஊரிலேயே இருக்கிற வீடு என்றால், மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க ஆள் இருக்கிற வரை, நான் இன்னும் டியூபுலரையே சொல்வேன்.

சோலார் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லுவார்கள். மத்திய அரசு மானியத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை வருகிறதே, அதில் போடுவது பெரும்பாலும் ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் இபி லைனோடு சேர்ந்து ஓடுவது. இபி கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், நட்ட நடுப் பகலாக இருந்தாலும். லைனில் வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கட் நேரத்தில் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், பேட்டரி என்று வந்துவிட்டால் மேலே சொன்னது எல்லாம் திரும்பவும் பொருந்தும்.

பழைய ஜோடியைக் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள். உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு ஆசிட்டை வாய்க்காலில் ஊற்றுவார்கள், அது ஊருணிக்குப் போகும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்ப எடுப்பது உற்பத்தியாளர் பொறுப்பு, புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இப்போதே தூக்கிப் போட வேண்டாம். அடுத்து ஊருக்குப் போகும்போது தண்ணீர் மட்டம் பார்த்து, இரண்டு நாள் தொடர்ந்து சார்ஜ் ஏற்றி, பன்னிரண்டு செல்லின் கிராவிட்டியையும் எது எந்த பேட்டரி என்று குறித்து எழுதி அனுப்புங்கள், இன்வெர்ட்டர் பின்பக்கத்துப் படம் ஒன்றும். சில செல் 1.200-ஐத் தாண்டி வந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட வழி இருக்கும், எதுவும் ஏறாமல் நின்றால் புதுசுதான்.